கேட்போரும் காரணமும்: மின்களஞ்சியங்களில் அணுகுரிமை குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில், கோட்டைப் பகுதியில், கேரள அரசு ஆவணக் காப்பகத்தின் மைய ஆவணக் காப்பகம் அமைந்துள்ளது. ஸ்ரீபத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஆவணங்கள் முதலாகப் பல்லாயிரம் ஓலைகள் இக்காப்பகத்தின் பொறுப்பில் உள்ளன. வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை எனப் பல வரிவடிவங்களில் அமைந்த இவ்வாவணங்கள் தமிழும் மலையாளமும் ஒன்றையொன்று தழுவி நின்ற காலத்திற்குச் சான்று பகர்வன. 2022-இல் இங்கு ஓலைச்சுவடி அருங்காட்சியகம் ஒன்றும் திறக்கப்பெற்றது. கண்ணாடிப் பேழைக்குள் உள்ள ஓலையை யாவரும் காணலாம். ஆயின் காணுதல் வேறு, எடுத்துப் படித்தல் வேறு, படியெடுத்தல் வேறு. இம்மூன்றிற்கும் இடையிலுள்ள தொலைவே அணுகுரிமை எனப்படுவது.

ஓலையும் அச்சும் மின்வடிவம் பெற்றுவரும் இக்காலத்தில், யார் காணலாம், யார் படிக்கலாம், யார் படியெடுக்கலாம் என்பதைக் களஞ்சிய மென்பொருளின் ஒரு பட்டியல் தீர்மானிக்கின்றது. அப்பட்டியலை நிரப்புவது கணினிப் பணியாளரின் வேலை என்றே தமிழாய்வுலகம் கருதிவந்துள்ளது. அது பதிப்புப் பணியின் ஒரு கூறு என்பதும், சுவடிப் பதிப்பாசிரியர்கள் பின்பற்றிய நேர்மை அதற்கும் வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள். மின்களஞ்சியங்களின் அணுகுரிமை முறையை அந்நோக்கில் திறனாய்வது இதன் நோக்கம்.

பாயிரமும் கேட்போரும்

நூலைப் பற்றிய தரவு நூலோடு சேர்ந்தே செல்லவேண்டும் என்னும் எண்ணம் தமிழுக்குப் புதியதன்று. பவணந்தியார் நன்னூலில் சிறப்புப் பாயிரத்திற்குரிய செய்திகள் எட்டினை வகுத்துரைக்கிறார். ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன அவை. காலம், களம், காரணம் என்னும் மூன்றனையும் சேர்த்துப் பதினொன்று எனக் கொள்வாரும் உளர் என அவரே குறிப்பிடுகிறார்.

1995-இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து டப்ளின் நகரில் நூலகரும் கணினி அறிஞரும் கூடி, மின்பொருள்களை விவரிப்பதற்கான கூறுகளை வகுக்கத் தொடங்கினர். அதன் விளைவாகிய டப்ளின் கோர் என்னும் விவரணத் தரவு முறை இன்று பதினைந்து கூறுகளைக் கொண்டது. அவற்றுள் ஆக்கியோன், தலைப்பு, பொருள் என்பன பாயிரச் செய்திகளோடு ஒப்புநோக்கத்தக்கன. உரிமை என்பதும் அப்பதினைந்தனுள் ஒன்று. எனினும் அது நூலின் உடைமையைச் சுட்டுவதேயன்றி அதனை ஏற்பாரைச் சுட்டுவதன்று. பவணந்தியார் கேட்போரை ஆக்கியோனுக்கு இணையான ஒரு கூறாக வைத்தார் என்பது கருதத்தக்கது.

இதனைக் கொண்டு பழைய முறையைப் போற்றிப் பாராட்டிவிட இயலாது. நன்னூலின் பொதுப்பாயிரம் மாணாக்கர் ஆகாதாரையும் பட்டியலிடுகிறது. அப்பட்டியல் குணங்களை அடிப்படையாகக் கொண்டதாயினும், கல்வி வரலாற்றில் பிறப்பை அடிப்படையாகக் கொண்ட விலக்கே மிகப் பெரும்பான்மையோரைச் சுவடியிலிருந்து அகற்றி நிறுத்தியது. ஆகவே பாயிர மரபிலிருந்து நாம் கொள்ளவேண்டுவது விலக்கினை அன்று; யாருக்கு உரியது என்பதை மறைக்காமல் நூலின் முகப்பிலேயே கூறிவிடும் வெளிப்படைத்தன்மை ஒன்றனையே ஆகும். வெளிப்படையாகக் கூறப்பட்ட விலக்கினை எதிர்த்து வழக்காட இயலும். கூறப்படாத விலக்கினை எதிர்ப்பதற்கு வழியே இல்லை.

சுவடிக் காலத்து இசைவு

சுவடிகள் இல்லங்களிலும் மடங்களிலும் இருந்த காலத்தில் அணுகுரிமை என்பது ஒருவர் மற்றொருவருக்கு அளிக்கும் இசைவாக இருந்தது. 1880-இல் கும்பகோணத்தில் உ.வே. சாமிநாதையர் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்ததும், அவர் தந்த பிரதி சீவகசிந்தாமணிப் பதிப்பிற்கு வித்தானதும் தமிழறிஞர் யாவரும் அறிந்தவை. 1887-இல் அப்பதிப்பு வெளிவந்தது. ஐயர் தம் பதிப்புகளின் முகவுரைகளில் எந்தப் பிரதி எவரிடமிருந்து கிடைத்தது என்பதைப் பெயரும் ஊரும் சுட்டிப் பதிவு செய்தார். இது நன்றியறிதல் மட்டுமன்று. மூலபாடத்தின் நம்பகத்தன்மையைப் பிறர் சோதித்தறிய விட்டுச்சென்ற தடமும் ஆகும்.

திருவிதாங்கூரிலும் இத்தகைய நிகழ்வு உண்டு. சுவடிகளைத் தேடிச் சென்ற த. கணபதி சாஸ்திரி, பத்மநாபபுரத்தை அடுத்த மணலிக்கரை மடத்தில் பாசனுடையவை எனக் கருதப்படும் நாடகங்களின் ஓலைகளைக் கண்டெடுத்தார். 1912 முதல் திருவனந்தபுரம் சமஸ்கிருத நூல்வரிசையில் அந்நாடகங்கள் பதின்மூன்றும் வெளியாயின. 1956-க்குப் பின் மணலிக்கரை தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்ததாயிற்று. ஒரு மடத்தார் தந்த இசைவினால் இந்திய நாடக வரலாறு திருத்தி எழுதப்பட்டது. அவர்கள் மறுத்திருப்பின், மறுத்தவர் இன்னார் என்றேனும் அறியக்கூடியதாயிருந்திருக்கும்.

ஈண்டுக் கருதவேண்டுவது இதுவே. சுவடிக் காலத்து மறுப்பிற்கு ஒரு முகம் இருந்தது. மறுத்தவரிடம் மீண்டும் செல்லலாம், காரணம் கேட்கலாம், பிறர் வழியாகச் சொல்லிப் பார்க்கலாம். அச்சு நூலகங்களின் காலத்தில் அம்முகம் விதியாக மாறியது. எனினும் விதி எழுதப்பட்டிருந்தது. திருவனந்தபுரத்தில் தமிழ்த்துறைத் தலைவராக விளங்கிய ச. வையாபுரிப்பிள்ளையின் நூற்றொகுப்பு இன்று கொல்கத்தாவிலுள்ள தேசிய நூலகத்தில் தனித்தொகுப்பாக இருக்கின்றது. அதனைக் காண விரும்பும் தென்னாட்டு ஆய்வாளர் நெடுந்தொலைவு செல்லவேண்டும் என்பது உண்மை. ஆயின் எங்குச் செல்லவேண்டும், எவரைக் கேட்கவேண்டும் என்பதில் ஐயமில்லை. மின்களஞ்சியத்தில் தொலைவு நீங்கிற்று; ஆனால் கேட்கப்படவேண்டியவர் யார் என்பது மறைந்துவிட்டது.

களஞ்சிய மென்பொருளின் இலக்கணம்

இந்தியப் பல்கலைக்கழகங்கள் பலவும் பயன்படுத்தும் களஞ்சிய மென்பொருள் டிஸ்பேஸ் ஆகும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் நூலகமும் ஹியூலெட் பேக்கார்டு நிறுவனமும் இணைந்து உருவாக்கி 2002-இல் இதனை வெளியிட்டன. காந்திநகரிலுள்ள இன்ஃபிலிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்கா என்னும் ஆய்வேட்டுக் களஞ்சியமும் இம்மென்பொருளின் மீதே கட்டப்பட்டது. 2009-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழு விதிமுறைகள் ஆய்வேட்டின் மின்படியை வழங்குவதைக் கட்டாயமாக்கியபின், தமிழ் ஆய்வேடுகளும் இக்களஞ்சியத்தில் பெருமளவில் இடம்பெறலாயின. ஆகவே இதன் அணுகுரிமை முறையைத் தமிழாய்வாளர் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

டிஸ்பேஸில் பொருள்கள் படிநிலையாக அமைகின்றன. சமூகம் என்பதன்கீழ்த் தொகுப்பும், தொகுப்பின்கீழ் உருப்படியும், உருப்படிக்குள் கட்டும், கட்டுக்குள் கோப்பும் அடங்கும். ஒரு பல்கலைக்கழகத்தைச் சமூகம் எனவும், தமிழ்த்துறையைத் தொகுப்பு எனவும், ஓர் ஆய்வேட்டை உருப்படி எனவும், அதன் இயல்களைக் கோப்புகள் எனவும் கொண்டால் இவ்வமைப்பு எளிதில் விளங்கும். பயனர்கள் குழுக்களாக வகுக்கப்படுகின்றனர். யாவரையும் உள்ளடக்கிய பொதுக்குழு ஒன்று உண்டு. எல்லா அதிகாரமும் உடைய நிருவாகிகள் குழு ஒன்று உண்டு. இடையில் தேவைக்கேற்பக் குழுக்களை அமைத்துக்கொள்ளலாம்.

இம்முறையின் இயல்பை நான்கு விதிகளாகத் தொகுத்துக் கூறலாம்.

முதலாவது, உரிமை பொருளோடு பிணைக்கப்படுகின்றது. இன்ன பொருளில் இன்ன குழு இன்ன செயலைச் செய்யலாம் என்பதே ஒவ்வோர் உரிமைக் குறிப்பின் வடிவம். படித்தல், எழுதுதல், சேர்த்தல், நீக்குதல் என்பன அச்செயல்களுள் தலையாயவை. நன்னூல் மாணாக்கனின் தகுதியை நோக்கிற்று. மென்பொருள் ஒவ்வொரு பொருளின் வாயிலிலும் ஒரு பட்டியலைத் தொங்கவிடுகின்றது.

இரண்டாவது, கூறப்படாதது மறுக்கப்பட்டதாகும். இன்னாருக்கு இல்லை என எழுதும் வழக்கம் இம்முறையில் இல்லை. இன்னாருக்கு உண்டு என எழுதப்படாவிடில் அதுவே மறுப்பு. ஆகவே ஆராய்ந்து எடுத்த முடிவினால் நேர்ந்த மறுப்பும், கவனக்குறைவினால் நேர்ந்த மறுப்பும் பயனரின் கண்ணுக்கு ஒரே வடிவில் தோன்றுகின்றன.

மூன்றாவது, மேலதன் உரிமை கீழதற்குத் தானே செல்வதில்லை. உருப்படியைப் படிக்க உரிமை பெற்றவருக்கு அதனுள் உள்ள கோப்பைப் படிக்கும் உரிமை இல்லாமல் இருக்கலாம். இதனால் ஆய்வேட்டின் தலைப்பும் சுருக்கமும் தோன்ற, இயல்கள் திறக்காமல் நிற்கும் நிலை ஏற்படுகின்றது.

நான்காவது, தொகுப்பிற்கு வகுத்த இயல்பான உரிமைகள் உருப்படி களஞ்சியத்தில் சேரும் நேரத்தில் அதன்மீது படியெடுக்கப்படுகின்றன. பின்னர்த் தொகுப்பின் உரிமையை மாற்றினாலும் முன்னரே சேர்ந்துவிட்ட உருப்படிகள் மாறுவதில்லை. சுவடியியல் அறிந்தார்க்கு இது புதியதன்று. மூலப்பிரதியின் பிழையைப் பின்னர்த் திருத்தினாலும், அதற்கு முன் படியெடுக்கப்பட்ட சுவடிகளில் அப்பிழை வழிவழியாக நிலைத்தல் போல்வதே இது.

இந்நான்கனையும் குறை எனக் கூறுதல் பொருந்தாது. கூறப்படாததை மறுத்தல் பாதுகாப்பிற்கு உகந்த நெறியே. அன்றியும், ஒவ்வோர் உரிமைக் குறிப்பிலும் தொடக்க நாளும் முடிவு நாளும் இடுவதற்கு இடம் உண்டு, 3.0 பதிப்பு முதல் அக்குறிப்பிற்குப் பெயரும் விளக்கமும் எழுதும் இடமும் உண்டு. ஆகவே காரணத்தைப் பதிவு செய்வதற்கான கட்டம் மென்பொருளிலேயே அமைந்துள்ளது. அதனை நிரப்பும் கடமையை ஏற்பார் யார் என்பதே வினா.

ஓர் ஆய்வேட்டின் நிலை

இவ்விதிகள் ஏட்டளவில் நில்லாமல் எங்ஙனம் செயற்படுகின்றன என்பதை இக்கட்டுரையாளர் தம் ஆய்வேட்டின் வழியாகவே அறிய நேர்ந்தது. குமரி மாவட்ட வில்லுப்பாட்டுக் கதைப்பாடல்களை ஆராய்ந்த அவ்வேட்டின் பின்னிணைப்பாகக் களப்பணியில் பதிவு செய்த ஒலிக்கோப்புகள் இணைக்கப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்று, கோயில் கொடையில் சாமி வந்திறங்கும் நேரத்திற்குரிய பகுதி. அதனைக் கொடைக்கு வெளியே பாடும் வழக்கமில்லை என்று முதிய புலவர் கூறினார். ஆய்வுக்குப் பயன்படும் என்பதற்காகவும், வேறெங்கும் ஒலிக்கவிடமாட்டேன் என்று கட்டுரையாளர் அளித்த உறுதிமொழிக்காகவும் அவர் பாடித் தந்தார்.

ஏட்டை மின்களஞ்சியத்தில் ஒப்படைத்தபோது இரு வேண்டுகோள்கள் எழுத்தில் தரப்பட்டன. ஏட்டினை நூலாக வெளியிடும் எண்ணம் இருந்ததால் இயல்கள் இரண்டாண்டு கழித்தே திறக்கப்படவேண்டும் என்பது ஒன்று. அந்த ஒலிக்கோப்பு எக்காலத்தும் பொதுவில் திறக்கப்படலாகாது என்பது மற்றொன்று. ஆண்டுகள் சில கழிந்தபின், வேறொரு மாநிலத்தில் ஆய்வு மேற்கொண்டிருந்த மாணவி ஒருவர் ஏட்டின் இயல்களைப் படிக்க இயலவில்லை என்று எழுதினார். பார்த்தபோது, நூலும் வெளிவந்து தவணையும் கடந்தபின்னரும் இயல்கள் மூடியே இருந்தன. பின்னிணைப்பின் ஒலிக்கோப்போ யாவரும் கேட்கும்படி திறந்திருந்தது.

இதற்கு எவருடைய தீய எண்ணமும் காரணமன்று. இயல்களுக்குத் தடையிட்டவர் முடிவு நாளை இடவில்லை. பின்னர்ச் சேர்க்கப்பட்ட ஒலிக்கோப்பு தொகுப்பின் இயல்பான உரிமையைத் தானே பெற்றுக்கொண்டது. அவ்வியல்பு பொதுக்குழுவிற்குத் திறந்திருந்தது. அப்பணியைச் செய்தவர் இடம்மாறிச் சென்றிருந்தார். வேண்டுகோள் கடிதம் ஒரு கோப்புறையில் இருந்தது. களஞ்சியத்தில் அதன் சுவடே இல்லை. மூடிய கோப்பின் படியை ஆசிரியரிடம் வேண்டுவதற்கு மென்பொருளில் வசதி உண்டு. ஆயின் அவ்வேண்டுகோள் சென்ற மின்னஞ்சல் முகவரி கட்டுரையாளர் மாணவராக இருந்த காலத்தது. அதனை அவர் பயன்படுத்தி நெடுநாள் ஆயிற்று.

இரண்டு பிழைகளும் திருத்தப்பட்டன. எனினும் புலவர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அவருக்கு அளித்த உறுதிமொழி எத்தனை முறை மீறப்பட்டது என்பதை அறியும் வழி இல்லை. திறந்திருக்கவேண்டியது மூடியதால் ஒரு மாணவி ஓராண்டு இழந்தார். மூடியிருக்கவேண்டியது திறந்ததால் நம்பிக்கை ஒன்று முறிந்தது. இவ்விரண்டும் ஒரே ஏட்டில், ஒரே காரணத்தால் நிகழ்ந்தன. தடைக்குரிய காரணம் தடையோடு சேர்த்து எழுதப்படாமையே அக்காரணம்.

திறத்தலும் காத்தலும்

அறிவு யாவர்க்கும் பொது, ஆகவே யாவும் திறந்திருத்தல் வேண்டும் என்னும் கொள்கை இன்று வலுப்பெற்றுள்ளது. தமிழுக்கு அக்கொள்கையால் விளைந்த நன்மை பெரிது. 1998-இல் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம் தமிழிலக்கியங்களைத் தட்டச்சு வடிவில் எவரும் விலையின்றிப் பெறுமாறு வழங்கிவருகின்றது. அதன் மின்னூல்களின் முகப்பில் தட்டச்சு செய்தோர், பிழை திருத்தியோர் பெயர்கள் இடம்பெறுதல் ஐயரின் முகவுரை மரபை நினைவூட்டுகின்றது. தமிழக அரசு நூல்களை நாட்டுடைமையாக்கும் வழக்கமும் தமிழ் மின்னூலகங்களுக்குப் பெருந்துணையாகியுள்ளது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமோ ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள்வரை உரிமையைக் காக்கின்றது. 1956-இல் மறைந்த வையாபுரிப்பிள்ளையின் நூல்கள் இக்கணக்கின்படி 2017-இன் தொடக்கத்தில் பொதுவுடைமையாயின. சட்டத்தின் தடைக்கு நாள் உண்டு. அந்நாளை எவரும் கணக்கிட்டறியலாம் என்பது இங்கு நோக்கத்தக்கது.

2005-இல் தொடங்கிய ஈழத்து நூலகம் திட்டம் மற்றொரு நெறியைக் காட்டுகின்றது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டதைக் கண்ட ஒரு சமூகத்திற்கு, எவரும் எட்டாத ஒற்றைப் படி என்பது பாதுகாப்பன்று, அழிவின் வாயில். அங்ஙனமிருந்தும் எழுத்தாளரிடமும் வெளியீட்டாளரிடமும் இசைவு பெறுதலை அத்திட்டம் தன் பணியின் ஒரு பகுதியாகக் கொண்டுள்ளது. திறப்பதற்கு விரைவோரும் கேட்டுத் திறக்கலாம் என்பதற்கு இது சான்று.

திறத்தலே எங்கும் அறம் எனக் கொள்வதற்கும் எல்லை உண்டு. ஆஸ்திரேலியாவின் டெனன்ட் கிரீக் பகுதியில் வாழும் வருமுங்கு தொல்குடியினர்க்காக 2007-இல் உருவான முகுர்து என்னும் மின்காப்பகம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. இறந்தோரின் படங்கள், ஆடவர் அல்லது மகளிர் மட்டுமே காணத்தக்க சடங்குகள் ஆகியவற்றை யார் காணலாம் என்பதை அக்குடியினரின் வழக்கமே அங்கு வரையறுக்கின்றது. மென்பொருள் அவ்வழக்கத்திற்கு ஏற்ப அமைக்கப்பட்டது. தமிழ் நாட்டார் வழக்காற்றியலில் ஒலிநாடாக்களும் காணொளிகளும் மின்வடிவம் பெற்றுவரும் இவ்வேளையில், கொடை, சாமியாட்டு, ஒப்பாரி முதலியவற்றைப் பதிவு செய்து தந்தவர்களின் சொல் நம் களஞ்சியங்களில் எங்குப் பதிவாகின்றது என நாம் கேட்டுக்கொள்ளவேண்டும்.

இதற்கு ஒரு மறுப்பும் உண்டு. வழக்கம் என்ற பெயரால் தடை கோருவோர் சாதியின் பெயராலும் கோரக்கூடும்; சமூகத்தின் விருப்பம் எனக் கூறப்படுவது அச்சமூகத்தில் வலியோரின் விருப்பமாகவே இருக்கக்கூடும். இம்மறுப்பு புறந்தள்ளத்தக்கதன்று. அதனாலேயே தடைக்குரிய காரணம் எழுதப்படவேண்டும் என்கிறோம். எழுதப்பட்ட காரணம் ஆய்வுலகின் முன் நிற்கும், தகாததாயின் மறுக்கப்படும். எழுதப்படாத தடையோ தகுதி தகாமை இரண்டனையும் ஒருங்கே மறைத்துவிடுகின்றது.

பதிப்பாசிரியரின் கடமை

பாடவேறுபாட்டை அடிக்குறிப்பில் காட்டாத பதிப்பை நாம் நம்புவதில்லை. ஒரு பாடத்தைக் கொள்வதும் மற்றொன்றைத் தள்ளுவதும் பதிப்பாசிரியரின் உரிமை; ஏன் தள்ளினார் என்பதைக் கூறுதல் அவர் கடமை. ஒரு கோப்பை மூடுதல் ஒரு பாடத்தைத் தள்ளுவதினும் பெரிய செயல். படிக்கப்படாத ஏடு மேற்கோளில் இடம்பெறாது. மேற்கோளில் இடம்பெறாதது அடுத்த தலைமுறைக்கு இல்லாததே ஆகும். இத்தகைய செயலைக் காரணமின்றிச் செய்வதற்கு நாம் இசைந்திருப்பது வியப்பிற்குரியது.

இதனைக் கணினிப் பணியாளர்மீது சுமத்துதல் நேர்மையன்று. அவர் ஓர் ஒலிக்கோப்பு கொடைக்குரியதா, மேடைக்குரியதா என்பதை அறியார். அறிந்தவர் ஆய்வாளரும் நெறியாளருமே. எந்தக் கோப்பு, எந்தக் குழுவிற்கு, எந்நாள் வரை, எக்காரணத்தால் என்னும் நான்கனையும் ஏட்டை ஒப்படைக்கும்போதே அவர்கள் எழுதித் தருதலும், துறை அதனை ஆண்டுக்கொருமுறை சரிபார்த்தலும் பெருஞ்செலவோ புதுக்கருவியோ வேண்டாதவை.

முடிவுரை

இத்திறனாய்வின் வழிக் கண்டறிந்தவை வருமாறு:

1. அணுகுரிமை வழங்குதல் பதிப்புப் பணியின் ஒரு கூறு. அதன் முதற்பொறுப்பு துறைசார் அறிஞர்க்கு உரியது.

2. டிஸ்பேஸ் போன்ற மென்பொருள்களில் கூறப்படாதது மறுக்கப்படுவதாலும், சேரும் நேரத்து உரிமையே நிலைப்பதாலும், கவனக்குறைவு கொள்கைபோலத் தோற்றமளிக்கின்றது. காரணத்தை எழுதுதல் ஒன்றே இரண்டனையும் பிரித்தறியும் வழி.

3. முடிவு நாள் இல்லாத காலத்தடை தடையே அன்றிக் காலத்தடை அன்று.

4. களப்பணியில் பாடியோரும் உரைத்தோரும் அளித்த இசைவின் எல்லை, அவர்தம் குரலோடு சேர்த்தே காக்கப்படவேண்டும். அதனைத் தனிக் கோப்புறையில் வைத்தல் போதாது.

5. மூடப்பட்ட ஒவ்வொரு கோப்பின் முகப்பிலும், வினவுதற்குரிய பொறுப்பினை வகிப்பவர் சுட்டப்படவேண்டும். தனிப்பட்ட முகவரி ஆளோடு போய்விடும். பொறுப்பின் முகவரி நிலைக்கும்.

நூலுக்குக் காலமும் களமும் காரணமும் கூறுதலைச் சிலர் வேண்டினர் எனப் பவணந்தியார் குறித்தார். நூலை மூடுவோரிடம் அம்மூன்றனையும் நாம் கேட்கலாம்: எக்காலம் வரை, எக்களத்தில், எக்காரணத்தால் என்று. இம்மூன்றிற்கும் விடை எழுதப்பட்டிருந்தால் அந்த மாணவி எங்குக் கேட்பது எனத் திகைத்திருக்கமாட்டார். அந்தப் புலவரின் சொல்லும் காக்கப்பட்டிருக்கும்.